உணர்வடக்கும் ஆண்மகனும் தாயுமானவனும்: ஹெமிங்வேயின் சிறுகதைத் தலைவனை மடவார் வளாகத் தலமரபோடு ஒப்பிடல்

ஆய்வுச் சுருக்கம்

நவீன அமெரிக்கச் சிறுகதையில், துயரை வெளிக்காட்டாது தாங்கிநிற்கும் ஆண்மகன் ஒரு தொல்படிமமாக நிலைபெற்றுள்ளான். எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் கதைகளை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்ட இப்படிமம், தமிழ்ச் சிறுகதையின் ஆண்மாந்தர்களை மதிப்பிடும் அளவுகோலாகவும் பயன்படுத்தப்படுகிறது. ஆண்மகன் தன் துயரை எவ்வளவு அடக்கினான் என்பதை மட்டும் கேட்கும் அளவுகோல் குறையுடையது. பிறர் துயரை அவன் எவ்வாறு கேட்டான் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தின் தலமரபு, பெரியாழ்வாரின் தாய்க்கூற்றுப் பாசுரங்கள், புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ ஆகியவற்றோடு ஹெமிங்வேயின் ‘இந்தியன் கேம்ப்’, ‘இன் அனதர் கன்ட்ரி’ ஆகிய கதைகளை ஒப்பிட்டு இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உணர்வடக்கம், ஆண்மை, தொல்படிமம், ஹெமிங்வே, மடவார் வளாகம், தாயுமானவர், பெரியாழ்வார், புதுமைப்பித்தன், செல்லம்மாள்.

1. முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் என்றும் மடவார் விளாகம் என்றும் வழங்கும் பகுதியில் வைத்தியநாதசுவாமி கோயில் அமைந்துள்ளது. ‘மடவார்’ என்பது பெண்டிரைக் குறிக்கும் சொல்; ‘வளாகம்’ என்பது சூழ்ந்த இடத்தைக் குறிக்கும். இறைவன் மருத்துவனாக எழுந்தருளியுள்ள இக்கோயிலைப் பற்றி இரண்டு மரபுச் செய்திகள் பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று, மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் வயிற்றுநோய் இங்கு நீங்கியது என்பது. மற்றொன்று, பேறுகாலத்தில் துணையின்றித் தவித்த பெண்ணொருத்திக்குச் சிவபெருமான் அவளுடைய தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது.

இரண்டாவது செய்தி இலக்கியத் திறனாய்வுக்குப் புறம்பானதன்று. வலியால் துடிக்கும் பெண்ணின் அருகில் ஓர் ஆண் எவ்வாறு நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு சமூகம் சொல்லிக்கொண்ட விடை அது. இதே கேள்வியை 1924-இல் வெளிவந்த அமெரிக்கச் சிறுகதை ஒன்றும் எழுப்பியது. அதன் விடை வேறு. நவீன அமெரிக்கச் சிறுகதையின் ஆண்மைப் படிமத்தை விளங்கிக்கொள்ளவும், அப்படிமத்தைக் கொண்டு தமிழ்க் கதைகளை அளக்கும் முறையின் குறையை உணரவும் இவ்விரு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

2. ‘நெறித்தலைவன்’ என்னும் கருத்தாக்கம்

ஹெமிங்வேயின் (1899–1961) ஆண்மாந்தர்களைப் பற்றிய கல்விப்புல விவாதத்தில் 1952-இல் வெளிவந்த பிலிப் யங்கின் நூல் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. அவர் இருவகை மாந்தர்களைப் பிரித்துக் காட்டினார். முதல்வகையினன் போரில் உடலும் மனமும் காயமுற்றவன், உறக்கமின்றித் தவிப்பவன். நிக் ஆடம்ஸ் அவ்வகையினன். இரண்டாம் வகையினன் அவனுக்கு வழிகாட்டுபவன். தோல்வி உறுதி என்றறிந்தும் நிலைகுலையாமல் தன் தொழிலைச் செம்மையாகச் செய்து முடிப்பவன். காளைப்போர் வீரன், குத்துச்சண்டை வீரன், வேட்டைத் துணைவன் முதலியோர் இவ்வகையினர். இவ்விரண்டாம் வகையினனையே ‘நெறித்தலைவன்’ என்று கூறலாம். மானம், துணிவு, பொறுத்தல் ஆகியவை அவனுடைய நெறியின் கூறுகள்.

இவ்விருவகைப் பாகுபாடு பிற்காலத்தில் ஒற்றைப் படிமமாகச் சுருங்கியது. காயமுற்றவன் மறைந்து, காயத்தை மறைப்பவன் மட்டும் எஞ்சினான். ‘அழாதவன், பேசாதவன், கலங்காதவன்’ என்ற வாய்பாடு பாடநூல்களுக்கும் தேர்வு விடைகளுக்கும் உரியதாயிற்று. இச்சுருக்கத்திற்கு ஹெமிங்வேயின் நடையும் துணைசெய்தது. 1932-இல் வெளிவந்த காளைப்போர் பற்றிய தம் நூலில், பனிப்பாறையின் எட்டில் ஒரு பங்கு மட்டுமே நீருக்கு மேல் தெரிவதை உவமையாக்கி, எழுத்தாளன் நன்கறிந்து விட்டுவிடும் செய்தியே கதைக்கு வலிமை தருகிறது என்னும் கொள்கையை அவர் முன்வைத்தார். 1925-இல் வெளிவந்த ‘பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்’ கதையில் நிக் தனியே கூடாரமிட்டு மீன்பிடிக்கிறான். அவனைக் காயப்படுத்திய போரைப் பற்றிக் கதையில் ஒரு சொல்லும் இல்லை. சொல்லாமை இங்கு ஓர் எடுத்துரைப்பு உத்தி. ஆயின் வாசகரோ உத்தியைப் பண்பாகக் கொண்டனர். ஆசிரியன் சொல்லாது விட்டதும் மாந்தன் சொல்லாது அடக்கியதும் ஒன்றெனக் கருதப்பட்டமையால், குறைவாகப் பேசுவதே ஆண்மை என்ற முடிவு பிறந்தது.

3. கேளாச் செவி: ‘இந்தியன் கேம்ப்’

அமெரிக்கத் தொல்குடியினர் குடியிருப்பில் ஒரு பெண் இரண்டு நாள்களாகப் பேறுவலியில் கிடக்கிறாள். நிக்கின் தந்தையான மருத்துவர் சிறுவன் நிக்கையும் ஜார்ஜ் மாமாவையும் அழைத்துக்கொண்டு ஏரியைக் கடந்து வருகிறார். மயக்க மருந்து இல்லை. மடக்குக் கத்தியால் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்து, தூண்டில் நரம்பால் தையலிடுகிறார். அவள் அலறலை நிறுத்த ஏதும் தர இயலாதா என்று சிறுவன் கேட்கும்போது, அலறல்கள் முக்கியமல்ல என்பதால் அவை தமக்குக் கேட்பதில்லை என்ற பொருளில் அவர் விடையளிக்கிறார்.

கதையின் உணர்வடக்கம் முழுவதும் இவ்விடையில் அடங்கியுள்ளது. மருத்துவர் கொடியவர் அல்லர். கைநடுக்கமின்றி அறுவை செய்யக் கேளாமை அவருக்குத் தேவைப்படுகிறது. இரண்டு உயிர்கள் அதனால் பிழைக்கின்றன. இவ்வளவில் கதை முடிந்திருந்தால் அவர் நெறித்தலைவனின் முழுமையான சான்றாக அமைந்திருப்பார். ஹெமிங்வே கதையை அங்கு முடிக்கவில்லை. அப்பெண்ணின் கணவன் மூன்று நாள்களுக்கு முன் கோடரியால் காலில் வெட்டுப்பட்டு மேற்படுக்கையில் கிடக்கிறான். அலறல் முக்கியமல்ல என்று மருத்துவர் சொன்னவுடன் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அறுவை வெற்றியில் பூரித்த மருத்துவர், மருத்துவ இதழில் எழுதத்தக்க சாதனை என்று பெருமை பேசியபின் கணவனைப் பார்க்கப் போகிறார். அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு இறந்துகிடக்கிறான்.

குடியிருப்பின் ஆண்களில் சிலர் அலறல் காதில் விழாத தொலைவுக்குச் சென்று இருளில் அமர்ந்து புகைபிடித்துக்கொண்டிருந்தனர் என்ற செய்தியையும் கதை முன்னரே தருகிறது. ஆகவே கதையில் ஆண்கள் அலறலை எதிர்கொள்ளும் முறைகள் மூன்று: விலகிப் போதல், கேளாதிருத்தல், கேட்டு மடிதல். விலகியவர்கள் பாதுகாப்பாக உள்ளனர். கேளாதவர் வெல்கிறார். கால்காயத்தால் விலக முடியாமல் கேட்க நேர்ந்தவன் சாகிறான். கேட்டபடியே உடனிருத்தல் என்ற நான்காவது வழியை அங்கிருந்த முதிய பெண்கள் மட்டுமே மேற்கொள்கின்றனர். அவர்களுக்குக் கதையில் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை.

இவ்வாறு நோக்கின், கதை மருத்துவரின் உணர்வடக்கத்தைப் போற்றவில்லை. அதற்கான விலையைக் கணக்கிடுகிறது. திரும்பும் வழியில் தந்தையிடம் சாவைப் பற்றிக் கேள்விகள் கேட்கும் நிக், தான் ஒருபோதும் சாகப்போவதில்லை என்று உறுதியாக உணர்கிறான். விடியற்காலையில் தந்தை படகு வலிக்க அவன் கொள்ளும் அந்த உறுதியைப் பின்வரும் போர்க்கதைகள் பொய்யாக்குகின்றன. நெறித்தலைவன் என்ற படிமம் ஒரு சிறுவனின் தவறான முடிவிலிருந்து தொடங்குகிறது என்பது இக்கதையை அத்தொகுதியின் தொடக்கப் பகுதியில் வைத்து வாசிக்கும்போது புலனாகும்.

4. அடக்கத்தின் உடைவு

1927-இல் வெளிவந்த ‘மென் வித்தவுட் விமன்’ தொகுதியின் ‘இன் அனதர் கன்ட்ரி’ கதையில் இத்தாலியப் படையின் மேஜர் ஒருவர் இடம்பெறுகிறார். வாள்வீச்சில் தேர்ந்த அவருடைய கை போரில் சிறுத்துவிட்டது. மிலான் நகர மருத்துவமனையில் அக்கையை இயந்திரத்தில் வைத்துப் பயிற்சி செய்கிறார்; அவ்வியந்திரத்தில் அவருக்கு நம்பிக்கையில்லை; ஆயினும் ஒரு நாளும் தவறாமல் வருகிறார். இதுவரை அவர் நெறித்தலைவனே. பின்னர் அவருடைய இளம்மனைவி நிமோனியாவால் இறக்கிறாள். தம்மால் இதைத் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்கிறார். கன்னங்களில் கண்ணீர் வழிய, படைவீரனுக்குரிய நிமிர்ந்த நடையுடன் வெளியேறுகிறார்.

நிமிர்ந்த உடலும் வழியும் கண்ணீரும் ஒரே காட்சியில் அமைவது கவனிக்கத்தக்கது. கண்ணீர் அவருடைய நிமிர்வைக் குலைக்கவில்லை; நிமிர்வு கண்ணீரைத் தடுக்கவில்லை. உணர்வடக்கத்தின் தலைமைக் கதைசொல்லியாகக் கருதப்படுபவரே எழுதிய இக்காட்சி, அழாதவனே ஆண்மகன் என்ற வாய்பாட்டுக்குள் அடங்காது.

பிற்கால அமெரிக்கச் சிறுகதை இவ்விரிசலை மேலும் அகலமாக்கியது. டிம் ஓபிரையனின் 1990-ஆம் ஆண்டுத் தொகுதியான ‘தி திங்ஸ் தே கேரீட்’, வியட்நாம் போரில் வீரர்கள் அஞ்சுவதாகத் தோன்ற நேருமோ என்ற வெட்கத்தினாலேயே கொல்லவும் சாகவும் துணிந்தனர் என்று காட்டுகிறது. துணிவு என அறியப்பட்டது, பிறர் பார்வைக்கு அஞ்சும் அச்சத்தின் மறுபெயராகிறது. ரேமண்ட் கார்வரின் நிகழ்வு வேறுவகையில் அறிவுறுத்துவது. 1981-இல் வெளிவந்த ‘தி பாத்’ கதையில் விபத்துக்குள்ளான சிறுவனின் பெற்றோர் மருத்துவமனையில் காத்திருக்கின்றனர். கதை முடிவின்றி நின்றுவிடுகிறது. 1983-இல் ‘எ ஸ்மால், குட் திங்’ என்ற பெயரில் வந்த விரிவான வடிவத்தில் சிறுவன் இறக்கிறான். தந்தை தேம்பி அழுகிறார். இறுதியில் பெற்றோரும் ரொட்டிக்கடைக்காரரும் சூடான ரொட்டியை உண்டபடி விடியும்வரை பேசிக்கொண்டிருக்கின்றனர். முதல் வடிவத்தின் இறுக்கம் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ்ஷின் வெட்டுகளால் உருவானது. அமெரிக்க ஆண்மகனின் இயல்பான மௌனம் என்று வாசகர் போற்றியதில் ஒரு பகுதி பதிப்புமேசையில் செய்யப்பட்டது என்பதை இது உணர்த்துகிறது.

5. தமிழ் மரபில் தறுகண்

அமெரிக்க ஆண்மை கடினமானது, தமிழ் ஆண்மை நெகிழ்ச்சியுடையது என்ற எளிய எதிர்வு சான்றுகளுக்கு முன் நில்லாது. தமிழ் மரபுக்கும் தனக்கேயுரிய கடுமை உண்டு. முதுகில் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு பாடுகிறது. காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் மறுபிறப்பிலும் தழுவாள் என்ற கருத்தை முல்லைக்கலி உரைக்கிறது. புறநானூற்றுத் தாயரோ மகன் புறமுதுகு காட்டவில்லை என்றறிந்து மகிழ்கின்றனர்.

ஆயினும் இக்கடுமையின் அமைப்பு வேறுபட்டது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. தறுகண் தனித்து நிற்கவில்லை. கற்றலோடும் புகழோடும் கொடுத்தலோடும் வைத்து எண்ணப்படுகிறது. இவற்றுள் இசைமையும் கொடையும் பிறர் இல்லாமல் நிகழ இயலாதவை. இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றை நிலைக்களனாகக் கொண்ட அழுகையை அவ்வியல் பெண்பாலுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கவும் இல்லை. மேலும் புறநானூற்று வீரனின் துணிவை உரைப்பது பெரும்பாலும் அவன் வாய் அன்று. காவற்பெண்டு, ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் போன்றோரின் தாய்நிலைப் பாடல்கள் அதனை உரைக்கின்றன. அவன் மௌனத்திற்குச் சுற்றம் சொல் தருகிறது.

நவீனப் புனைகதையில் இவ்வமைப்பு தொடர்வதற்குச் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) சான்று. காளையோடு பொருதும் வீரன் என்ற பொருளாலும் இறுக்கமான நடையாலும் இக்குறுநாவல் ஹெமிங்வேயை நினைவூட்டுவது இயல்பே. தந்தை அம்புலியைக் குத்திச் சாய்த்த காரிக்காளையைப் பிடிக்கப் பிச்சி செல்லாயி சல்லிக்கட்டுக்கு வருகிறான். ஹெமிங்வேயின் ‘தி அன்டிஃபீட்டட்’ கதையின் முதிய காளைப்போர் வீரன் மானுவெல் தன் பெயருக்காகவே களமிறங்குகிறான்; அவன் திறத்தை உணர்பவர் மிகச் சிலர். பிச்சியோ தந்தைக்குரிய கடனைத் தீர்க்க வந்தவன். வாடிவாசலில் நிற்கும் கிழவர் அம்புலியை அறிந்தவர். பிச்சி சொல்லாததை அவர் பேச்சு சொல்கிறது. பிச்சி வென்றபின் தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டுக்கொல்வது, களத்தின் வீரம் சாதியும் நிலவுடைமையும் அமைத்த மான அமைப்புக்குள் நிகழ்வதை வெளிப்படுத்துகிறது. பிச்சியின் அடக்கம் தனிமனிதப் பண்பு மட்டுமன்று; ஜமீன்தார் முன் நிற்பவன் கடைப்பிடித்தாக வேண்டிய சமூக ஒழுங்கும் ஆகும். நெறித்தலைவன் என்ற சட்டகம் இவ்விரண்டாம் கூறைக் காட்டாது.

6. மடவார் வளாகமும் வில்லிபுத்தூரின் தாய்க்குரலும்

தறுகண் மரபுக்கு இணையாகத் தமிழில் மற்றொரு மரபும் உண்டு. மடவார் வளாகத் தலமரபு அதன் சுருக்க வடிவம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையிலும் இதுவே வழங்குகிறது. அங்குக் காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாத நிலையில், இறைவன் தாயாக வந்து பேறு பார்த்துத் தாயுமானவர் எனப் பெயர் பெற்றார். ‘தாயும் ஆனவர்’ என்பதிலுள்ள உம்மை பொருள் பொதிந்தது. தந்தைநிலை நீங்கித் தாயானார் என்பதன்று. தந்தையாய் இருந்தே தாயாகவும் ஆனார் என்பதே அதன் கருத்து.

இக்கதையை ‘இந்தியன் கேம்ப்’ கதையோடு ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. இறைவன் மருத்துவனாக நின்றே வலியைப் போக்கியிருக்கலாம். வைத்தியநாதன் என்பதே அவன் பெயர். தலமரபோ அவனைத் தாயுருவில் வரச்செய்கிறது. வலியில் இருப்பவளுக்கு வேண்டியது மருத்துவத்திறன் மட்டுமன்று, அவள் அழைத்த ஒருவரின் வருகை என்பதை அது உணர்ந்துள்ளது. ஹெமிங்வேயின் மருத்துவர் அலறலைக் கேளாமையால் திறம்படச் செயல்படுகிறார். தலமரபின் மருத்துவனோ அலறலைக் கேட்டமையாலேயே உருமாறுகிறான்.

இதே ஊரைச் சேர்ந்த பெரியாழ்வார் இலக்கியத்தில் இதனைச் செய்தார். அவருடைய திருமொழி, யசோதையின் நிலையில் நின்று கண்ணனைத் தாலாட்டுகிறது, நீராட அழைக்கிறது, பூச்சூட அழைக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கு அப்பாசுரங்கள் முன்னோடியாயின. அம்மட்டோடும் அவர் நிற்கவில்லை. மாலுடன் சென்றுவிட்ட மகளை எண்ணி வீட்டில் தனித்திருக்கும் தாயின் புலம்பலாகவும் ஒரு திருமொழி பாடினார். ஆண்டாளை வளர்த்தவராக வைணவ மரபு போற்றும் ஒருவர் மகளின் பிரிவைத் தாயின் கூற்றாகப் பாடியிருப்பது எண்ணத்தக்கது. அகப்பாடல் மரபில் ஆண்புலவர் தலைவி கூற்றாகவும் செவிலி கூற்றாகவும் பாடியதன் தொடர்ச்சி இது. தமிழ்க் கவிதையில் ஆண் தன் துயரை அடக்க வேண்டிய நிலையில், அத்துயருக்கு இடம்தரும் மற்றொரு குரலை மரபே அவனுக்கு வழங்கியிருந்தது.

7. ‘செல்லம்மாள்’: தாயாக விடையளித்தவர்

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையின் பிரமநாயகம் பிள்ளை, பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையில் பணிபுரிபவர். மனைவி நெடுநாள் நோயாளி, குழந்தைகள் இல்லை, ஊரும் உறவும் தொலைவில். வேலைக்குச் செல்லுமுன் சமைத்து வைப்பதும், திரும்பி வந்து அவளைக் கவனிப்பதும் அவரே. அவள் உயிர் பிரிந்த பொழுதில் தொடங்கும் கதையில் அவர் ஓலமிடவில்லை. உடலைக் குளிப்பாட்டுவது முதலாகச் செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் செய்கிறார். புறத்தோற்றத்தில் இது உணர்வடக்கத்தின் உச்சம். நெறித்தலைவன் என்ற அளவுகோலால் அளந்தாலும் அவர் தேறுவார்.

அவ்வளவுகோல் காணத் தவறும் ஓரிடம் கதையில் உண்டு. நோயின் மயக்கத்தில் செல்லம்மாள், அருகிலிருக்கும் கணவரைத் தன் தாயென எண்ணி, எப்போது வந்தாய் என்று வினவுகிறாள். அவள் தாய் இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பிரமநாயகம் பிள்ளை அவளைத் திருத்தவில்லை. இப்போதுதான் வந்ததாகத் தாயின் நிலையிலிருந்தே அவர் விடை சொல்கிறார், தாயாக நடிக்கிறார்.

மடவார் வளாகத்திலும் மலைக்கோட்டையிலும் வழங்கும் தலமரபு இங்கு எவ்வித அருள்நிகழ்ச்சியும் இன்றி, வாடகைக் குடித்தனத்தின் இருட்டில் மீண்டும் நிகழ்கிறது. புதுமைப்பித்தன் தலமரபைக் கருதியே இதனை எழுதினார் என்று நிறுவத் தேவையில்லை. அழைக்கும் பெண்ணுக்குத் தாயாக விடையளிக்கும் ஆண் என்ற வடிவம், தமிழ்ச் சூழலில் வாசகர் உடனே ஏற்கக்கூடிய ஒன்றாக இருந்தது என்பதே போதும். வேறுபாடும் கவனத்திற்குரியது. தலமரபில் தாயுரு பேறளிக்கிறது. பின்னர் உண்மைத் தாயும் வந்துசேர்கிறாள். புதுமைப்பித்தன் கதையில் வர வேண்டிய தாய் இறந்தவள். தாயாக நடித்தவராலும் உயிரைக் காக்க இயலவில்லை. இறைவனின் உருமாற்றம் அற்புதமாக முடிந்தது. பிள்ளையின் உருமாற்றம் ஓர் ஆறுதலாக மட்டும் எஞ்சியது.

‘இந்தியன் கேம்ப்’ மருத்துவரும் பிரமநாயகம் பிள்ளையும் கைநடுக்கமின்றிச் செயல்படுபவர்களே. மருத்துவர் அலறலைக் கேளாமையால் அடங்கியிருக்கிறார். அவர் அடக்கம் செவியை மூடுவது. பிள்ளை அவள் சொல்லைக் கேட்டு, அச்சொல்லுக்கு இடம்தரத் தம்மை அடக்குகிறார். அவர் அடக்கம் தன் பெயரையும் உறவுநிலையையும் சிறிதுநேரம் விட்டுக்கொடுப்பது. ஒன்றில் தன்னைக் காத்தல். மற்றொன்றில் தன்னை விடுதல். இரண்டையும் உணர்வடக்கம் என்ற ஒரே சொல்லால் குறிப்பது திறனாய்வுக்கு இழப்பாகும்.

8. ஒப்பீட்டின் எல்லை

இம்முடிவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, ஒரு கதையை ஒரு நாட்டின் பண்பாகக் கொள்ளுதல் கூடாது. மிலான் நகர மேஜரின் கண்ணீர் அமெரிக்கக் கதைக்குள்ளேயே மாற்றுச்சான்றாக உள்ளது. தமிழில் கேளாச் செவிகளுக்கும் பஞ்சமில்லை. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காக வீட்டுக்கதவைப் பெயர்த்துச் செல்கின்றனர். குளிரில் கைக்குழந்தை இறக்கிறது. பிழைப்புத் தேடி மணிமுத்தாற்றுக்குச் சென்ற தந்தையிடமிருந்து மாதக்கணக்கில் கடிதமும் இல்லை. அவர் மௌனத்தின் காரணம் வறுமையே. ஆயினும் அதன் சுமையைத் தாங்கியவர்கள் மனைவியும் குழந்தைகளும். ஆணின் மௌனத்திற்கு அழகியல் மதிப்பு அளிக்குமுன், அதன் செலவை யார் ஏற்றனர் என்று கணக்கிட வேண்டும் என்பதை இக்கதை நினைவூட்டும்.

இரண்டாவது எல்லை இன்னும் நுட்பமானது. ஆண் தாயின் குரலை ஏற்பது, பெண் தன் குரலில் பேசுவதற்கு ஈடாகாது. மடவார் வளாகத் தலமரபில் பேறுற்ற பெண்ணின் சொல் நமக்குக் கிடைக்கவில்லை. இறைவனின் செயலே கிடைத்துள்ளது. செல்லம்மாளும் பெரும்பாலும் மயக்கத்தின் இடையிலேயே பேசுகிறாள். அவள் நோயை நாம் கணவரின் கவலை வழியாகவே அறிகிறோம். தாயாகிய ஆண் என்ற படிமம் ஆணின் கருணையை உயர்த்துவதோடு நின்றுவிட்டால், அதுவும் ஆணை மையப்படுத்தும் மற்றொரு தலைமைப் படிமமாகிவிடும். இதற்குத் திருத்தமும் வில்லிபுத்தூரிலேயே உள்ளது. பெரியாழ்வார் தாயின் நிலையில் நின்று மகளைப் பாடினார். ஆண்டாளோ யாரையும் இடைநிறுத்தாமல் தன் விழைவையும் ஏக்கத்தையும் சினத்தையும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் தானே பாடினாள். தந்தையின் தாய்க்குரலும் மகளின் சொந்தக்குரலும் ஒருசேர நிலைத்தமையே அவ்வூர் மரபின் நிறைவு.

ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையையும் இவ்வொளியில் காணலாம். விரும்பிய மச்சான் வேறொருத்தியை மணந்ததைக் கலங்காமல் தாங்கிக்கொண்ட பெண், அவன் மகிழ்ச்சியாக இல்லை என்றறிந்தபோது அழுகிறாள். உணர்வடக்கம் ஆணுக்கே உரிய பண்பு என்ற முன்முடிவை இக்கதை தகர்க்கிறது. தனக்காக அடங்கியிருந்து பிறருக்காக உடைவது என்ற இயக்கம், மேஜரின் கண்ணீரையும் பிள்ளையின் நடிப்பையும் இப்பெண்ணின் அழுகையையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

நெறித்தலைவன் என்ற படிமம் ஹெமிங்வேயின் கதைகளில் உள்ளவாறே கிடைத்ததன்று. இருவகை மாந்தரை ஒன்றாகச் சுருக்கியும் எடுத்துரைப்பு உத்தியை ஆண்மைப் பண்பாகக் கொண்டும் திறனாய்வும் பாடநூலும் உருவாக்கியது. ‘இந்தியன் கேம்ப்’, ‘இன் அனதர் கன்ட்ரி’ ஆகிய கதைகள் அப்படிமத்தின் விலையையும் உடைவையும் தாமே எடுத்துக்காட்டுகின்றன.

தமிழ் மரபில் தறுகண் கொடையோடும் இசைமையோடும் பிணைந்தது. வீரனின் மௌனத்திற்குச் சுற்றத்தின் சொல் துணைநின்றது. ஆகவே ‘வாடிவாசல்’ போன்ற படைப்புகளைத் தனித்துநிற்கும் வீரனின் கதைகளாக மட்டும் வாசிப்பது அவற்றின் சமூக ஆழத்தை இழப்பதாகும்.

மடவார் வளாகத் தலமரபு, பெரியாழ்வாரின் தாய்க்கூற்று, புதுமைப்பித்தனின் பிரமநாயகம் பிள்ளை ஆகிய மூன்றும், ஆணின் அடக்கம் பிறர் துயரைக் கேட்பதற்கான இடமாகவும் அமையலாம் என்பதைக் காட்டுகின்றன. அவற்றின் அருகில் ஆண்டாளின் குரலையும் வைத்துக் காணும்போதே அக்காட்சி முழுமை பெறும்.

ஒப்பிலக்கிய வகுப்பறைகளில் ஹெமிங்வேயின் தலைவனும் தமிழ்ச் சிறுகதை மாந்தரும் தொடர்ந்து ஒப்பிடப்படுவர், ஒப்பிடப்படவும் வேண்டும். அவ்வொப்பீட்டில், இம்மாந்தன் எவ்வளவு தாங்கினான் என்ற வினாவோடு, அவன் அருகில் அலறியவர் யார், அவ்வலறல் அவனுக்குக் கேட்டதா என்ற வினாக்களும் இணைய வேண்டும். இவை இணையும்போது, மேற்படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட பெயரற்ற கணவனும், மயக்கத்தில் தாயை அழைத்த செல்லம்மாளும் கதையின் ஓரத்திலிருந்து அதன் மையத்திற்கு வருவர்.